சமுதாயக் கூடத்துக்கு ஒரு கலைப்படைப்பு: கமிட்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமுதாயக் கூடம், நூலகம், குடியிருப்போர் சங்கக் கட்டடம் என்று பலர் வந்து போகிற இடங்களில் சுவரோவியமோ சிற்பமோ, கண்ணாடி, ஓட்டுத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் மொசைக் படமோ வைக்க விரும்பும் கமிட்டிகளுக்கும், அதைச் செய்யும் கலைஞர்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆள் நான். எங்கே போனாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

நல்ல ஓவியர் ஒருவரைத் தெரியும். கூட்டி வரட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் கட்டடத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். காலையில் கதவு திறப்பதிலிருந்து இரவு பூட்டும் வரை. யார் எந்த வாசலில் நுழைகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் அடிக்கிறது, சைக்கிளை எதன்மேல் சாய்க்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூடத்தில் சாலையைப் பார்த்த பெரிய முன்சுவரைத்தான் எல்லோரும் மனதில் வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வருகிறவர்கள் அத்தனை பேரும் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய பக்கவாட்டு வாசலில்தான் நுழைகிறார்கள். முன்சுவரைப் பார்ப்பது ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர்கள் மட்டும், அதுவும் மூன்று நொடி. உள்ளே அலுவலக அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்ச் கிடந்தது. வயதானவர்கள் தினமும் அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து எதிரே இருக்கும் வெற்றுச் சுவரையும் அதில் தொங்கும் தீயணைப்பானையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மொசைக் அந்தச் சுவருக்குப் போனது. தரையிலிருந்து இரண்டடி உயரத்திலேயே தொடங்கும்படி செய்தோம். அதில் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது. கூட வரும் குழந்தைகள் அதைத் தடவாமல் போவதில்லை. ஒரு வருடத்துக்குள் அந்தத் துண்டைச் சுற்றியிருந்த சிமென்ட் கறுத்து வழவழப்பாகிவிட்டது. எனக்குத் தெரிந்து ஒரு படைப்புக்கு அதைவிடப் பெரிய விமர்சனம் வந்ததில்லை.

கமிட்டியில் யார் யார் இருக்க வேண்டும்?

ஐந்து பேர் போதும், ஏழுக்கு மேல் வேண்டாம். கட்டடத்தைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பேர், கட்டடத்தின் இன்ஜினியர் அல்லது பராமரிப்பைப் பார்ப்பவர், காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர், கலை தெரிந்த வெளியாள் ஒருவர். கையெழுத்துக்காரர் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அவர் வந்து "எனக்கு இந்த மஞ்சள் பிடிக்கலையே" என்று சொன்னால் ஆறு மாத வேலை போய்விடும்.

துப்புரவுப் பணியாளரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற கமிட்டிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கூப்பிடுங்கள். எந்தச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது என்று கட்டடத்திலேயே அவருக்குத்தான் தெரியும்.

மக்கள் கருத்தை எப்படிக் கேட்பது? மூன்று படங்களை வைத்து ஓட்டெடுப்பு நடத்தலாமா?

ஓட்டெடுப்பு வேண்டாம். மூன்று படத்தை நீட்டினால் ஏற்கெனவே பார்த்துப் பழகியது போல எது இருக்கிறதோ அதற்குத்தான் ஓட்டு விழும். படத்தைப் பற்றிக் கேட்காமல் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கட்டடம் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது? இங்கே நடந்ததில் உங்களுக்கு மறக்காதது எது? எந்த மூலைக்குப் போகப் பிடிக்காது? இப்படிக் கேட்டால் கலைஞருக்குக் கை நிறைய விஷயம் கிடைக்கும். படத்தை முடிவு செய்வது அவர் வேலை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் நியூயார்க்கில் நடந்தது. ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 1981-ல் ஃபெடரல் பிளாசா என்ற அரசு அலுவலக வளாகத்தில் 'டில்டட் ஆர்க்' என்று ஓர் உருக்குச் சுவரை நிறுத்தினார். சுமார் 36 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் உயரம், திறந்தவெளியை நடுவில் வெட்டிக்கொண்டு நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லையே என்பதுதான் அவர்களுடைய பெரிய புகார். 1985-ல் பொது விசாரணை நடந்தது. இருக்கட்டும் என்று 122 பேர், எடுத்துவிடுங்கள் என்று 58 பேர் பேசினார்கள். ஆனாலும் எடுப்பது என்றுதான் முடிவானது. நீதிமன்றம் வரை போய், 1989-ல் ஒரு இரவில் துண்டாக்கி எடுத்துப் போனார்கள். அந்த இடத்துக்கென்றே செய்த படைப்பு, வேறு இடத்தில் வைத்தால் அது அழிந்ததற்குச் சமம் என்றார் செர்ரா. எனக்குச் சிற்பியின் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. அந்த வெளியில் தினமும் நடந்தவர்கள் பக்கமும் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் முதலில் சந்தித்தது சண்டையில் என்பதுதான் கோளாறு.

கலைஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்று வழி உண்டு. பொது அறிவிப்பு கொடுத்து யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பது ஒன்று. நான்கைந்து பேரை மட்டும் அழைப்பது இரண்டாவது. நேராக ஒருவரிடம் ஒப்படைப்பது மூன்றாவது. சின்னக் கட்டடத்துக்கு இரண்டாவது வழிதான் சரிப்பட்டு வரும்.

பெயரை மறைத்து நடத்தும் போட்டிக்குப் பெரிய வரலாறு உண்டு. 1981-ல் வாஷிங்டனில் வியட்நாம் போர் வீரர் நினைவுச் சின்னத்துக்கு வந்த 1,421 வடிவமைப்புகளிலும் பெயருக்குப் பதில் எண்தான் இருந்தது. வென்றது மாயா லின் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவி. பெயரைப் பார்த்திருந்தால் அவர் கவரைப் பிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்த முறைக்கு ஆள்பலமும் நாளும் நிறைய வேண்டும். ஒரு கூடத்துச் சுவருக்கு, பழைய வேலைகளைப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டுப் பேசி முடிவெடுப்பதே போதும்.

பழைய வேலை என்றால் போன மாதம் எடுத்த போட்டோ கணக்கில் வராது. ஐந்து வருடத்துக்கு முன் செய்த ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். நிறம் எப்படி நிற்கிறது, எங்கே உரிந்திருக்கிறது என்று தெரியும். அங்கே இருப்பவர்களிடம், அவர் சொன்ன நாளில் வந்தாரா, சாரத்தைக் கழற்றிய பிறகு போனை எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

பத்துப் பேரிடம் இலவசமாக வரைவு வாங்கி, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாமே?

கூடாது. நல்லவர்கள் அனுப்ப மாட்டார்கள். அனுப்புகிறவர்களும் வேறெங்கோ கொடுத்ததையே தூசி தட்டி அனுப்புவார்கள். மூன்று பேரைச் சுருக்கப் பட்டியலில் எடுங்கள், மூவருக்கும் வரைவுக்குப் பணம் கொடுங்கள், தோற்ற இருவரின் வரைவையும் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அதிலிருந்து ஒரு மூலையைக்கூட எடுத்து ஜெயித்தவரிடம் "இதையும் சேர்த்துடுங்க" என்று சொல்லக் கூடாது.

கலைஞரிடம் கொடுக்கும் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

ஒரே பக்கம். சுவரின் நீள அகலம், எந்தத் திசை பார்க்கிறது, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த போட்டோ, மரமோ கம்பமோ மறைக்கிறதா, யார் பார்ப்பார்கள், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், மொத்தப் பணம் எவ்வளவு. பணத்தை மறைக்காதீர்கள். "நீங்க ஒரு கொட்டேஷன் கொடுங்க, பார்க்கலாம்" என்று சொன்னால் ஒருவர் வெங்கலச் சிற்பத்துக்கும் இன்னொருவர் இரண்டு டின் பெயின்டுக்கும் கணக்குக் கொடுப்பார். இரண்டையும் எதை வைத்து ஒப்பிடுவீர்கள்?

"ஒற்றுமை, கல்வி, முன்னேற்றம், சுற்றுச்சூழல் எல்லாம் வரணும்" என்று எழுதினால் என்ன கிடைக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கைகள், மேலே ஒரு புறா, கீழே திறந்த புத்தகம். இதுவரை ஏழு இடத்தில் பார்த்திருக்கிறேன். சுவரை மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது.

பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

புதுக் கட்டடம் என்றால் கட்டுமானச் செலவில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குவதுதான் சுலபம். பல நாடுகளில் பொதுக் கட்டடங்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. பிரான்ஸில் 1951-லிருந்து ஒரு சதவீத விதி உண்டு. முதலில் பள்ளிக் கட்டடங்களுக்கு மட்டும் வந்தது, பிறகு விரிந்தது. அமெரிக்க நகரங்களில் 1959-ல் பிலடெல்பியா முதலில் இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்களில் அரை சதவீதம். நீங்கள் எந்த விதிக்கும் கட்டுப்படாத சங்கமாக இருந்தாலும் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம். கடைசியில் மிஞ்சியதில் செய்கிறேன் என்றால் எதுவும் மிஞ்சாது.

கமிட்டிகள் மறக்கும் செலவுகளைச் சொல்கிறேன்: சாரம், சுவரைச் சரிசெய்தல், கனமான சிற்பத்துக்கு அடித்தளமும் அதற்கு இன்ஜினியரின் கையெழுத்தும், கிரேன், காப்பீடு, விளக்கு, பெயர்ப்பலகை, போட்டோ. உயரமான சுவரில் சாரத்தின் வாடகை பெயின்டின் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். இதற்கெல்லாம் மேல் எதிர்பாராத செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் தனியாக வையுங்கள். சிகாகோவில் அனீஷ் கபூர் என்ற சிற்பி செய்த 'கிளவுட் கேட்', பளபளக்கும் அந்தப் பெரிய அவரை விதை, 60 லட்சம் டாலர் மதிப்பீட்டில் தொடங்கி 2 கோடியே 30 லட்சத்தில் முடிந்தது. 2004-ல் திறந்துவிட்டு, பற்றவைத்த இடங்களைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்து, 2006-ல்தான் முறையான தொடக்க விழா நடத்தினார்கள். அங்கே கொடுப்பதற்குக் கொடையாளர்கள் இருந்தார்கள். உங்களுக்கு?

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கையெழுத்தானதும் ஒரு பங்கு, விரிவான வரைவு ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, பாதி வேலையில் ஒரு பங்கு, முடிந்ததும் மீதி. பத்து சதவீதத்தைச் சில மாதம் நிறுத்திவைக்கலாம். முதல் தவணை மட்டும் தாராளமாக இருக்கட்டும், பொருள் வாங்குவது கலைஞரின் கைக்காசாக இருக்கக் கூடாது.

சுவர் நன்றாகத்தானே இருக்கிறது? நேராக வரைய ஆரம்பிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். ஆரம்பத்தில் ஒரு கூடத்துச் சுவர் பார்க்க வெள்ளையாக, மழமழவென்று இருந்தது. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஒரு பெண் சிரிக்கும் பெரிய முகத்தை ஓர் ஓவியர் மூன்று வாரம் வரைந்தார். அவ்வளவு உயிரான முகம். இரண்டாவது மழைக்காலத்தில் மூக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொப்புளம். விரலால் தொட்டால் உள்ளே வெள்ளைப் பொடி. ஒரு மாதத்தில் மூக்கு முழுசாக உதிர்ந்து, கன்னம் சுருண்டு தொங்கியது. சுவருக்குள்ளே மழைநீர்க் குழாய் ஒன்று போய்க்கொண்டிருந்தது, அதன் மூட்டு கசிந்திருக்கிறது. கட்டடத்தின் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

நடப்பது இதுதான். சுவரில் ஓதம் ஏறும்போது செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிப் படிகமாகிறது. மேலே பிளாஸ்டிக் போல மூடிய பெயின்ட் இருந்தால் படிகம் அதற்கு அடியில் வளர்ந்து தோலை உரிப்பதுபோல் உரித்துத் தள்ளிவிடும்.

அதனால், முதலில் கசிவை நிறுத்துங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது என்று அர்த்தம். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயட்டும். அதற்குமுன் அதில் சுண்ணாம்பில் இருப்பது போன்ற காரத்தன்மை அதிகம். பெயின்டுக்கு நிறம் கொடுக்கும் பொடிகளில், அதாவது நிறமிகளில், சில அந்தக் காரத்தைத் தாங்காது, பிரஷ்யன் நீலம் புதுச் சிமென்டில் பழுப்பாகிவிடும்.

பெயின்டில் பொதுவாக அக்ரிலிக் அடிப்பார்கள். பூச்சுச் சுவர் புதிதாக இருந்து, முன்பு எந்தப் பெயின்டும் அடிக்காததாக இருந்தால் சிலிகேட் பெயின்டையும் விசாரியுங்கள். ஜெர்மனியில் கெய்ம் என்பவர் 1878-ல் உரிமம் பெற்ற முறை அது. மேலே தோலாகப் படியாமல் பூச்சோடு வேதியியல்படி பிணைந்துகொள்ளும், சுவரும் மூச்சு விடும். நிறங்களில் காவி, செம்மண் போன்ற இரும்பு ஆக்ஸைடுகள் வெயிலுக்கு அசையாது. பளிச்சென்ற சில சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்துப்போகும். டின்னில் நிறமியின் குறியீடு இருக்கும், பி.ஆர். 101 என்றால் இரும்பு ஆக்ஸைடு சிவப்பு. கடைக்காரரின் வார்த்தையைவிட அந்தக் குறியீட்டை நம்புங்கள்.

சுவரில் சந்தேகம் தீரவில்லையா, சுவரை விட்டுவிடுங்கள். பலகைகளில் வரைந்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போக இடைவெளி விட்டு மாட்டலாம். குழாய் உடைந்தால் கழற்றி வைத்துவிட்டு ரிப்பேர் பார்க்கலாம். மூக்கு போன அந்தக் கூடத்துக்குப் பிறகு நான் பாதி வேலைகளைப் பலகையில்தான் செய்யச் சொல்கிறேன்.

ஓவியம், மொசைக், உலோகம்... எது நல்லது?

கை படும் இடத்துக்கு மொசைக் அல்லது சுட்ட ஓடு. கண் மட்டும் படும் உயரத்துக்கு ஓவியம். கடல் பக்கம் துருப்பிடிக்காத எஃகு வைத்தால் 304-க்குப் பதில் 316 ரகம் கேளுங்கள், உப்புக் காற்றை அதுதான் கொஞ்சம் தாங்கும். தானாகத் துருவேறும் கார்ட்டன் எஃகு பார்க்க அழகு, ஆனால் மழையில் ஒழுகிக் கீழே தரையைச் சிவப்பாக்கும். வெங்கலத்துக்கு வருடம் ஒரு தரம் மெழுகு பூச வேண்டும்.

நீரூற்று மட்டும் வேண்டாம். பம்ப் நின்ற நாளிலிருந்து அது குப்பைத்தொட்டி.

பிள்ளைகளும் ஊராரும் சேர்ந்து வரையலாமா?

தாராளமாக. ஆனால் எல்லோர் கையிலும் பிரஷ்ஷைக் கொடுத்துச் சுவர் முன்னால் நிறுத்துவது அதற்கான வழி இல்லை. பிலடெல்பியாவில், 1984-ல் சுவர்க் கிறுக்கலைத் தடுக்கும் திட்டமாகத் தொடங்கிப் பிறகு சுவரோவிய இயக்கமாக வளர்ந்த மியூரல் ஆர்ட்ஸ் அமைப்பு ஒரு நல்ல உத்தியைப் பயன்படுத்துகிறது. நெய்யாத மெல்லிய துணியில் கலைஞர் கோடு போட்டு, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று எண் போட்டுவிடுவார். மேசையில் விரித்து யார் வேண்டுமானாலும் நிறம் நிரப்பலாம், சக்கர நாற்காலியில் இருப்பவர் உட்பட. பிறகு துணியைச் சுவரில் ஒட்டி, மேலே கலைஞர் சரிசெய்வார். சாரத்தில் யாரும் ஏற வேண்டியதில்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஜூடி பாக்கா என்ற ஓவியரின் 'கிரேட் வால் ஆஃப் லாஸ் ஏஞ்சலஸ்'. ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் 1976-ல் தொடங்கிப் பல கோடைக்காலங்களில், 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களோடு வரைந்தது, சுமார் 840 மீட்டர் நீளம். அங்கே வடிவத்தின் பொறுப்பு கலைஞர்கள் கையில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மக்கள் சேர்கிறார்கள் என்பதற்காகக் கலைஞரின் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். ஐம்பது பிள்ளைகளோடு வரைவது தனியாக வரைவதைவிட இரண்டு மடங்கு வேலை.

நடுவில் எங்களுக்குப் பிடிக்காமல் போனால்?

எப்போது வாய் திறக்கலாம் என்பதை முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரைவு, விரிவான வரைவு, சின்ன மாதிரி அல்லது சுவரில் ஒரு சதுர மீட்டர் சோதனை. மூன்று இடம், அவ்வளவுதான். கருத்தை ஒரே ஒருவர் எழுத்தில் தொகுத்து அனுப்ப வேண்டும். சாரத்துக்குக் கீழே நின்று ஆளுக்கொன்று சொல்வது வேண்டாம். அப்புறம் "இது புரியலை" என்று சொல்லலாம், "அந்த மரத்தை இடது பக்கம் தள்ளுங்க" என்று சொல்லாதீர்கள்.

மாற்றம் கலைஞர் பக்கமிருந்தும் வரலாம். 1933-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் மெக்ஸிகோ ஓவியர் டியேகோ ரிவேரா வரைந்துகொண்டிருந்த சுவரோவியத்தில், ஒப்புக்கொண்ட வரைவில் இல்லாத லெனின் முகம் வந்தது. எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். முழுச் சம்பளத்தையும் கொடுத்து வேலையை நிறுத்தினார்கள், 1934-ல் சுவரையே உடைத்துவிட்டார்கள். அவர் அதே ஓவியத்தின் இன்னொரு வடிவத்தை மெக்ஸிகோ நகரில் வரைந்தார், இன்றும் இருக்கிறது. முதலாளிக்கு அந்தச் சுவர் போனதுதான் மிச்சம். "ஒப்புக்கொண்ட வரைவிலிருந்து பெரிய மாற்றம் எதுவும் இரு தரப்பின் எழுத்துச் சம்மதத்தோடுதான்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பணம் கொடுத்துவிட்டோம். இனி அது எங்கள் சொத்துதானே?

பொருள் உங்களுடையது. அதன்மேல் கலைஞருக்கு இரண்டு விதமான உரிமை இருக்கலாம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று பதிப்புரிமை. படத்தைக் காலண்டரிலோ டி-சர்ட்டிலோ அச்சிடலாமா என்பது இதில் வரும். நாட்டுக்கு நாடு மாறும். இந்தியச் சட்டத்தில் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவாக உரிமை கலைஞரிடமே தங்கும். எது எப்படியோ, உங்கள் அழைப்பிதழிலும் இணையதளத்திலும் போட அனுமதி, விற்பனைக்குத் தனி ஒப்பந்தம் என்று எழுதிக்கொண்டால் சண்டையே வராது.

இன்னொன்று படைப்பாளியின் தார்மீக உரிமை. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் உள்ள உரிமை. 1928-லிருந்து, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு. பதிப்புரிமையை விற்றாலும் இது கலைஞரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி செய்த பெரிய வெங்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் புதுப்பிக்கும் வேலைக்காகப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், பாகங்கள் சேதமாயின. அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடம் ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் சொன்னது. நியூயார்க்கில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்ற கட்டடத்தின் ஓவியங்களை 2013-ல் உரிமையாளர் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்தார். 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கும்படி 2018-ல் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டிலும் நின்றது. இடிக்கப்போகிற கட்டடம்தான் அது. முறையாக அறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

துருத்தல். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் பார்வையில்லாதவர் தலையில் இடிக்கும், ஏனென்றால் அவருடைய கோல் தரைக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் கண்டுபிடிக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதிகள் 27 அங்குலத்துக்கும் 80 அங்குலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் 4 அங்குலத்துக்கு மேல் துருத்தக் கூடாது என்கின்றன. எங்கே இருந்தாலும் பின்பற்றத் தகுந்த அளவு. வெளியேறும் வழிகளில் எளிதில் தீப்பற்றும் துணி, மரம் வேண்டாம். குழந்தைகள் ஏறிவிளையாட முடிகிற சிற்பம் என்றால் ஏறுவார்கள், அப்படியே வைத்துச் செய்யுங்கள்.

பராமரிப்புக்கு என்ன செய்வது?

முன்னே சொன்ன அந்த மொசைக்கை ஒரு நாள் புதிதாக வந்த பணியாளர் கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார். ஓடு பளிச்சென்று ஆனது. நடுவிலிருந்த சிமென்ட் நுரைத்து அரித்துப்போய், ஒரு மூலையில் துண்டுகள் கையோடு வந்தன. அவரைக் குறை சொல்ல முடியாது. நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்றுதான் செய்தார். எதைத் தொடக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் கலைஞரிடம் ஒரு பக்கப் பராமரிப்புத் தாள் கேட்டு வாங்கிவிடுகிறேன். என்ன பெயின்ட், எந்த நிறமி, என்ன பசை, எதால் துடைக்கலாம், எதால் கூடாது, கிறுக்கினால் என்ன செய்வது. கூடவே மிச்சப் பெயின்டும் ஒரு பை மொசைக் துண்டும். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துடைப்பம் வைக்கும் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அலுவலக ஃபைலில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வருடம் ஒரு நாள் குறித்து, ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். நிறம் மங்குவது தினமும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, நான்கு வருடப் போட்டோவை வரிசையாக வைத்தால் தெரியும்.

எத்தனை வருடம் இருக்கும்? எடுக்க வேண்டி வந்தால்?

வெயில் படும் வெளிச்சுவர் ஓவியத்துக்கு எல்லாம் சரியாகச் செய்தால் பத்து, பதினைந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொசைக், சுட்ட ஓடு, கல் எல்லாம் கட்டடம் இருக்கும் வரை இருக்கும். எவ்வளவு காலத்துக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். திறப்பு விழாவுக்கு முன்னால் எடுப்பதைப் பற்றிப் பேசினால் அபசகுனம் போல முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, பேசுங்கள். குறித்த காலம் முடிந்தால் இரு தரப்பும் சேர்ந்து பார்த்து, புதுப்பிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கலாம். எடுப்பதானால் கலைஞருக்கு 90 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், முழுசாகப் போட்டோ எடுக்க விட வேண்டும், கழற்றக் கூடியதென்றால் முதலில் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பெயர்ப்பலகையில் யார் பெயரைப் போடுவது?

கலைஞர், உதவியாளர்கள், வருடம், என்ன பொருளால் செய்தது. பிள்ளைகள் வரைந்திருந்தால் அவர்களுடைய முதல் பெயர்கள். கமிட்டித் தலைவரின் பெயரும் திறந்து வைத்தவரின் பெயரும் வரத்தான் செய்யும், தடுக்க முடியாது. கலைஞரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையை ஓவியத்தின்மேல் ஆணியடிக்காமல் பக்கத்தில் மாட்டுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். இரண்டு இடத்தில் ஆணியைப் பிடுங்கியிருக்கிறேன்.